எந்தச் சேனலிலும் வராத நாடகம்

தர்மராஜ் ஒரு முடிவெடுத்துவிட்டார் என்றால், ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்குக் கீழே இருக்கிற அந்த ஊரே சிரிக்கத் தயாராகிவிடும். பம்புசெட்டைத் தானே பிரித்து மாட்டுவதாக முடிவெடுத்தார். மாட்டி முடித்தபோது கைநிறையச் சாமான் மிஞ்சியிருந்தது. வெத்தலையை விடுவதாக முடிவெடுத்தார். விட்டார், பாக்கை ரெண்டு மடங்காக்கிக்கொண்டார். அவர் எடுத்து, நிலைத்து நின்ற முடிவு ஒன்றே ஒன்றுதான். அந்தப் பாழாய்ப்போன முடிவும் மற்றதைப் போலவே கவிழ்ந்திருக்கலாம்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால் ஒரே மகள் பானுப்பிரியா, பாம்பனில் படகு வைத்திருக்கும் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்றாள். தர்மராஜ் கதவைச் சாத்தினார்.

"இனிமே இந்த வீட்டுல அவ பேரை எவளாச்சும் எடுத்தா, நான் சோத்துல கை வைக்க மாட்டேன்."

வீட்டில் மிச்சமிருந்த 'எவள்' அவர் சம்சாரம் உலகம்மாள் ஒருத்திதான். புருசன் பேச்சைத் தட்டாதவள். அதுதான் ஆபத்தே. பேரை எடுக்கவில்லை. பானை என்று சொன்னால் பாதிப் பேர் வாயில் வந்துவிடும் என்று சோத்துப் பானையைக்கூடச் சட்டி என்றாள். கொஞ்ச நாளில் அதையும் விட்டாள். தட்டு வைக்கிற சத்தம், செம்பு வைக்கிற சத்தம், அதோடு சரி. அந்த அமைதி தர்மராஜைத் தின்றது. வெளியே சொல்ல மீசை விடவில்லை.

பொங்கல் கழிந்து ஒருநாள், சோறு போடும்போது உலகம்மாளே வாயைத் திறந்தாள்.

"டிவியில புது நாடகம் ஒண்ணு பாத்தேங்க."

"அதுக்கு?"

"ஜெயசுதான்னு ஒரு புள்ளங்க. அப்பன் ரைஸ் மில் வச்சிருக்கான். பெரிய மீசை. இவ ஒரு லாரிக்காரப் பயலக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. அப்பன் கதவச் சாத்திட்டான்."

"சாத்தாம? ஆரத்தி எடுப்பானா?" என்றார் தர்மராஜ். "சரியான ஆளு."

இது நம் கதை மாதிரி இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. அவன் மில் முதலாளி. இவர் நெல் போடுகிற ஆள். அவன் மாப்பிள்ளை லாரி, இவருடையது படகு. எங்கே பொருந்துகிறது?

மறுநாள் அவரே பாதிச் சோற்றில் நிமிர்ந்தார். "அந்த லாரிக்காரன் அவள ஒழுங்கா வச்சிருக்கானா?"

"நல்லா வச்சிருக்கான். தொழிலுக்குப் போனா நாலஞ்சு நாளாகும் திரும்ப. அது வரைக்கும் இவ வாசலப் பாத்துக்கிட்டே கெடக்கா. மாமியாகாரி தங்கம். அவதான் இவளப் பிடிச்சு உக்கார வச்சு ஊட்டி விடுறா."

"ம்ம்... பரவால்லையே." ஒரு கரண்டி சோறு கூடுதலாகப் போட்டுக்கொண்டார்.

அப்புறம் தினமும் கச்சேரிதான். சாயங்காலம் சதக்கத்துல்லா டீக்கடைக்குப் போய்விட்டு எட்டு மணிக்கு வருவார். நாடகம் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்கும், டிவி பக்கம் போகிற பழக்கமும் அவருக்குக் கிடையாது. உலகம்மாள் கதை சொல்ல, தர்மராஜ் கருத்துச் சொல்லுவார். பேச்சு நின்ற வீட்டில் மறுபடி பேச்சு வந்ததே, அதில் அந்த மனுசன் எவ்வளவு சந்தோசப்பட்டார் தெரியுமா? கதவைத் தள்ளும்போதே, "இன்னைக்கு என்ன ஆச்சுடி?" என்பார்.

ஒருநாள் அவள் கதை சொல்லும்போது குரலே எழவில்லை.

"அந்தப் புள்ளைக்கு அஞ்சு மாசத்துல கலைஞ்சு போச்சுங்க. ஆம்பளப் புள்ளையாம். ஆசுபத்திரியில, 'அம்மா, அய்யா'ன்னு அழுதிருக்கா. பெத்த வீட்டுலருந்து ஒரு நாதி போகல."

தர்மராஜின் கை தட்டிலேயே நின்றது. துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"கொழம்பு உறைக்குதுடி."

தட்டில் இருந்தது மோர்ச்சோறு.

அன்றையிலிருந்து அவர் கட்சி மாறிவிட்டார். மில்காரனைப் பிடித்து உலுப்பினார். "மீச வச்சிருக்கான், மனசு வச்சிருக்கானா? ரோசம் இருக்கட்டும்டி, பெத்த புள்ள செத்துப் பொழச்சு வந்திருக்கா. எட்டிப் பாக்க வேணாம்? இவனெல்லாம் என்ன அப்பன்?"

"நாடகந்தானங்க. விடுங்க."

"என்னத்த விட?"

நேற்றுக் கதை இன்னும் சூடு. ஜெயசுதா மறுபடி உண்டாகி, ஏழாம் மாசம். தாய்வீட்டில் இருந்து கட்டுச்சோறு கொண்டுபோய்க் கொடுத்து, தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூட்டிவர வேண்டிய நேரம். போன தடவை பட்ட பயத்தில், அம்மா பக்கத்தில் இருந்தால்தான் பெற முடியும் என்று ராவும் பகலும் அழுகிறாளாம். மில்காரன் அசையவில்லையாம்.

தர்மராஜ் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். "நான் மட்டும் அவன் எடத்துல இருந்தா, இந்நேரம் ஏழு சோறும் கட்டிக்கிட்டுச் சம்பந்தி வாசல்ல போயி நிப்பேன். 'தப்பு எம்மேலதான்'னு கையெடுத்துக் கும்புடுவேன். என்ன கொறஞ்சிரும்?"

"நெசமாவா சொல்றீக?"

"அட, சத்தியமாடி!"

அந்த வேகம் அடங்காமல் இன்றைக்கு டீக்கடையிலும் மில்காரனை வறுத்தெடுத்தார். சதக்கத்துல்லா டீயை ஆற்றிக்கொண்டே முழுக்கதையும் கேட்டான்.

"எந்த நாடகம்ண்ணே இது?"

"அதான்ப்பா, ஏழு மணிக்கு வருதே. ஜெயசுதா, லாரிக்காரன்..."

"அல்லா மேல ஆணையாண்ணே, அப்புடி ஒரு நாடகமே வரல. நம்ம கடையில எல்லாச் சேனலும் ஓடுது. எந்த நாடகத்துல எந்த மாமியா எவளுக்கு வெசம் வச்சான்னு நான் சொல்லுவேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்து வயல்காரன் மாரிச்செல்வம் சும்மா இருந்தானா? "தருமண்ணன் கனாக் கண்டிருப்பாருப்பா" என்றான். தர்மராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. எடுத்தார் ஒரு முடிவு. "இப்பவே போயிக் கண்ணால பாத்துட்டு வந்து ஒங்க மூஞ்சியில கரியப் பூசுறேன்டா!"

விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தார். மணி ஏழு. டிவி ஓடவில்லை. உலகம்மாள் கொல்லைப் பக்கம் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் சட்டென்று வைத்துவிட்டு வந்தாள். தர்மராஜ் ரிமோட்டை எடுத்து அமுக்கினார். நீலத்திரையில், ரீசார்ஜ் முடிந்துவிட்டது என்று எழுத்துதான் வந்தது. எந்த நம்பரை அமுக்கினாலும் அதே எழுத்து.

"என்னடி இது?"

"அது படம் காட்டியே ரொம்ப நாளாச்சு. பொங்கலோட போயிருச்சு."

"அப்ப நாடகத்த எங்கன போயிப் பாத்த?"

"பாக்கலங்க. கேட்டேன்."

"யாருகிட்ட?"

உலகம்மாள் அவரை நேருக்கு நேர் பார்த்தாள். "பேரச் சொல்லக் கூடாதுல்ல."

தர்மராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றாக மண்டையில் ஏறியது. தொழிலுக்குப் போய் நாலஞ்சு நாள் திரும்பாதவன் லாரிக்காரன் இல்லை, கடலுக்குப் போகிறவன். வாசலைப் பார்த்துக் கிடந்தது ஜெயசுதா இல்லை. ஊட்டி விட்ட மாமியார், ஆசுபத்திரி, அழுகை... எல்லாம் வந்து, அஞ்சு மாசத்தில் கலைந்த அந்தப் பிள்ளையிடம் முட்டி நின்றது.

"அப்ப... அந்தப் புள்ள?"

"ஒங்க பேரன்தான்."

"எப்ப?"

"போன சித்திரையில. அடுப்புப் புகைன்னு ஒருநா பூராம் அழுதுகிட்டுக் கெடந்தேனே, ஞாபகம் இருக்கா? நம்ம வீட்டுல கேஸ் அடுப்புதானங்க."

அவருக்கு வந்த அழுகையை எழுதி என்ன ஆகப்போகிறது? ரெண்டு வருசத்து அழுகை. பேரன் பிறக்காமலே போனதை ஒரு மோர்ச்சோறு தின்கிற நேரத்துக் கதையாகக் கேட்டிருக்கிறாரே! அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளும்தான் அழுதாள்.

கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டு, மிச்சமிருந்த மீசையைக் காப்பாற்றப் பார்த்தார். "என்னைய ஏமாத்திட்டேல்ல?"

"நான் கதைதான சொன்னேன்? சத்தியம் பண்ணுனது யாரு?"

"காலையில மொத பஸ்ஸு. விடிய எந்திரிச்சுச் சோத்தக் கட்டு" என்றார்.

"எல்லாத்துக்கும் மத்தியானமே சாமான் வாங்கியாச்சு."

போன் அடித்தது. உலகம்மாள் எடுத்துப் பேசவில்லை. பச்சையை அமுக்கி அவர் கையில் திணித்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். தர்மராஜ் காதில் வைத்தார். அந்தப் பக்கம் நாலைந்து பேர் கசமுசாவென்று பேசுகிற சத்தம். அதற்கு நடுவில் அந்தக் குரல். ரெண்டு வருசமாக அவர் கேட்காத குரல்.

"யம்மா, ஏன் பாதியில வச்சிட்ட? நேத்து ராத்திரி கதைக்கு அய்யா என்னம்மா சொன்னாக? இங்கன மாமா, அத்தை, கொழுந்தன் எல்லாரும் சோறுகூடத் திங்காம உக்காந்திருக்காக. தெனம் இந்நேரத்துக்கு அய்யா கதை கேக்காட்டி இவுகளுக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. அந்த அப்பன் இன்னைக்காச்சும் கெளம்பிட்டாரான்னு கேக்குறாகம்மா."

தர்மராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கெளம்பிட்டான்னு சொல்லு தாயி," என்றார் அந்த அப்பன்.