நுனிவரை பச்சை

விதியைப் படித்துவிட்டு வேலையைப் பார்க்கிறவர்கள் ஒரு ரகம். வேலை நடக்கும் இடத்தைத் தேடிப் போய் விதியைப் படித்துக் காட்டுகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாம் ரகத்தை நீங்கள் எந்த ஊரிலும் பார்க்கலாம். அறுபத்திரண்டாம் வருஷத்து ஸ்ரீரங்கத்தில் அதற்கு வீரமலை என்று பெயர். மின்சார அலுவலகம் ஒன்றின் தபால் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஸ்குரூவைக்கூடத் திருகியதில்லை. ஆனால் எங்கேயாவது வயர் இழுக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அட்டை கிழிந்த விதிப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். யார் கூப்பிட்டார்கள்? யாரும் கூப்பிடுவதில்லை.

அம்மாமண்டபம் சாலையில் அமிர்தம் மாவு மில் வைத்திருந்தாள். அந்த ஒரு மோட்டாரை நம்பித்தான் குடும்பம். மோட்டாரைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடித்தது. வயர்மேன் நிஜாமுதீன் வந்து, மோட்டாரிலிருந்து வாசலில் புதைத்த குழாய்வரை செம்புக் கம்பியை இழுத்து எர்த்துப் போட்டார். ஷாக் நின்றது. அமிர்தத்துக்கு உயிர் வந்தது. வீரமலையும் வந்தார்.

எர்த்துக் கம்பி பச்சையாக இருக்க வேண்டுமாம். வெறுங்கம்பிக்கு நிறம் எதற்கு என்றார் நிஜாமுதீன். புத்தகம் திறந்தது. இன்ஸ்பெக்டர் வந்தால் மில்லுக்கு சீல் வைத்துவிடுவார் என்று கேட்டதும் அமிர்தம் ஓடிப்போய் ஒரு டப்பா பச்சைப் பெயிண்டு வாங்கிவந்தாள். நிஜாமுதீன் கம்பியைக் கழற்றிப் பூசினார், இரண்டு நுனியை மட்டும் விட்டுவிட்டு.

"ஏன் பாய், முழு நீளத்துக்கும் பச்சைன்னு போட்டிருக்கு. நுனி அதுல சேராதா?"

"நுனியில பெயிண்டு இருந்தா கரண்டு எப்படிங்க பூமிக்கு இறங்கும்?"

"அதைப் பத்தி ரூல்ல ஒண்ணும் இல்லே."

நிஜாமுதீன் பிரஷை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார். வீரமலை நுனிகளுக்கும் ஆசைதீரப் பூசி, காயவைத்து, தன் வாழ்நாளின் முதல் இரண்டு ஸ்குரூக்களைத் தானே முடுக்கினார்.

மறுநாள் காலை மோட்டாரில் கை பட்ட அமிர்தம் தூக்கியெறியப்பட்டு மாவு மூட்டைமேல் போய் விழுந்தாள். வீரமலைக்கு மனசு நிஜமாகவே பதறிவிட்டது. ஓடிவந்தார், குனிந்தார், கம்பியை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை பார்த்தார்.

"பச்சையாத்தானே இருக்கு?"

நிஜாமுதீன் வந்து கத்தியால் இரண்டு நுனியையும் சுரண்டி முடுக்கினார். ஷாக் நின்றது. சுரண்டிய இரண்டு அங்குலம் விதிமீறலா, விதிவிலக்கா என்று வீரமலை புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். வெறும் செம்புக் கம்பிக்குப் பச்சை உண்டா, அந்த வருஷத்து விதியில் அப்படி இருந்ததா என்று நடுவில் ஒருமுறை யோசித்தீர்களே, அமிர்தத்தின் கை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டீர்களா?