காடாவின் தீப்பெட்டியும் என் கோட்டு சூட்டும்

உலகம் மனிதர்களை நல்லவர்கள், கெட்டவர்கள் என்று பிரித்து வைத்திருக்கிறது. காடா அப்படியெல்லாம் மண்டையைக் குழப்பிக்கொள்ள மாட்டார். அவருக்கு மனிதர்கள் இரண்டே வகைதான்: சாம்பலாகிறவர்கள், உருண்டையாகிறவர்கள். இத்தனை பேர் சட்டையைப் பாழாக்கி, அத்தனை பேரிடமும் திட்டு வாங்கி, கொஞ்சமும் வெட்கப்படாமல் திரிந்த இன்னொரு ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை.

செல்போனில் எல்லோரும் பாம்பு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்த காலம். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனி ஒன்றில் நான் பேக்கிங் சூப்பர்வைசர். காடா அங்கே சூளைக்காரர். அவருடைய நிஜப் பெயர் சம்பள நோட்டில் இருந்திருக்கலாம், யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாயமும் வெளுப்பும் காணாத பழுப்பு வெள்ளைக் காடாத் துணியில் சட்டை, அதிலேயே வேட்டி, அதிலேயே கைக்குட்டை. தூரத்தில் வரும்போது மைதா மூட்டைக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும்.

மடியில் எந்நேரமும் தீப்பெட்டி. ஆனால் பீடி பழக்கம் கிடையாது. எவனாவது புதுச் சட்டையோடு எதிரில் வந்தால் போதும், பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓரத்தில் ஒரு நூலை உருவிவிடுவார். குச்சியைக் கிழித்து நூலில் காட்டுவார். பொசுக்கென்று எரிந்து சாம்பலானால் பருத்தி. சுருண்டு உருகிக் கறுப்பு உருண்டையாகக் கெட்டிப்பட்டால் பாலியெஸ்டர்.

"உருண்ட!" என்று தீர்ப்புச் சொல்வார். "தீ பக்கத்துல நிக்கிறவன் போடுற துணியாடா இது? ஒட்டிக்கிச்சின்னா தோலோடதான் வரும்."

சூளையில் வேலை செய்பவனிடம் சொன்னால் நியாயம். சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரின் காலரில் நூல் உருவிக் கொளுத்தினால்? கண்டக்டர் நடுவழியில் இறக்கிவிட்டார். ஆறு கிலோமீட்டர் நடந்து வந்தவர், "அந்தாளும் உருண்டதான்" என்று எங்களிடம் பெருமையாகச் சொன்னார்.

இவர் ஒருத்தர் போதாதென்று எங்கள் முதலாளி வேறு. பீங்கான் கண்காட்சி பார்க்க வெளிநாடு போனவர், அங்கே ஹோட்டலில் சானா என்று ஒரு சூடான மர அறையில் உட்கார்ந்து வேர்த்துவிட்டு வந்தார். அதே மாதிரி நம் ஊரிலும் வேண்டும் என்று கிளம்பிவிட்டார். பங்குனியிலேயே பஸ் ஸ்டாண்டில் நின்றால் பனியன் ஊறிப்போகும் ஊர் இது. இங்கே வேர்ப்பதற்குத் தனியாக ஒரு அறை! சூளைக்குப் பக்கத்தில் இன்னும் சுடாத பச்சை ஃபியூஸ் கட்டைகளைக் காயவைக்கும் அறையைக் காலி செய்து, பலகை அடித்து, சூளையின் சூட்டையே அதற்குள் திருப்பிவிட்டார். சூடு யாருக்குத் தெரியுமோ அவர்தானே பொறுப்பு? காடாவைக் கதவுக்குக் காவல் வைத்தார்.

கோவிலுக்குக்கூட அத்தனை கட்டுப்பாடு கிடையாது. பருத்தித் துணி மட்டும். அதுவும் இரண்டு தரம் துவைத்து, கஞ்சி போயிருக்க வேண்டும், கஞ்சி போட்ட துணி வேர்வையைக் குடிக்காதாம். இறுக்கம் கூடாது. அரைஞாணில் வெள்ளி இருந்தால் கழற்ற வேண்டும், சுடுமாம். எல்லாம் சரியாக இருந்தாலும் வாசலில் ஒரு நூலும் ஒரு குச்சியும் காலியாகாமல் உள்ளே விடமாட்டார். முதலாளியையே ஒருநாள் திருப்பி அனுப்பினார்.

"மொதலாளி, நீங்க உருண்டங்க. போயி மாத்திட்டு வாங்க."

இந்தக் கூத்தில் நான் போய் மாட்டியதற்குக் காரணம் என் கல்யாணம். பெண் பெண்ணாடம். மாமனார் கரும்பு விவசாயி, பெரிய மீசைக்காரர். வரவேற்புக்கு மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு அவர் செலவு. அளவு கேட்டு ஆள் அனுப்பியபோது, காலேஜ் நாளில் தைத்த சட்டையைக் கொடுத்துவிட்டேன். தொப்பையை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது, நான் போட்டால் அந்தச் சட்டைப் பொத்தானுக்கும் காஜாவுக்கும் நான்கு விரல் இடைவெளி இருந்தது.

நைலான் டிராக் சூட் போட்டு உட்கார்ந்தால் இரட்டிப்பாக வேர்க்கும் என்று எங்கோ படித்தேன். விருத்தாசலத்தில் வாங்கினால் காடாவுக்குத் தெரிந்துவிடும் என்று திட்டக்குடி வரை பஸ் ஏறிப் போய் வாங்கினேன். அதைப் போட்டு, மேலே பருத்தி வேட்டியைக் கட்டி, துண்டைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றேன். கோட்டுக்காகத் தொப்பையைக் கரைக்க வந்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லித்தான் இருந்தேன். காடா வேட்டியில் நூல் உருவினார். சாம்பல்.

"போ தம்பி" என்றார். அந்த மனிதரை ஏமாற்றிவிட்டோம் என்று எனக்கு ஒரே குஷி.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நைலான் உடம்போடு ஒட்டிக்கொண்டது. வேர்வை வெளியே போக வழியில்லை. ஜிப்பு கொதித்துத் தொப்புளில் சூடு வைத்தது. எழுந்தேன், அவ்வளவுதான் நினைவு. கதவைத் தட்டிப் பதில் வராததும் காடா உள்ளே வந்து என்னை இழுத்துப் போட்டார். அட்டை வெட்டும் கத்தியால் டிராக் சூட்டைக் கிழித்தார். தன் வேட்டியை அவிழ்த்துத் தண்ணித் தொட்டியில் முக்கி என்மேல் சுற்றினார். நான் கண் விழித்தபோது அவர் பட்டாபட்டி டிராயரோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், தைத்து வந்த நீலக் கோட்டை ஹேங்கரோடு பிடித்தபடி என் மாமனார்.

"இன்னாங்க இது? மாப்ளைக்கு இன்னா ஆச்சு?"

"ஒங்க கோட்டுல நொழையறதுக்காவ இந்தப் புள்ள சாவப் பாத்துதுங்க" என்றார் காடா. "ரெண்டு பக்கமும் பிரிச்சி வுடுங்க. இல்லன்னா ஒங்க பொண்ணுக்கு வேற மாப்ள பாருங்க."

எனக்கு மறுபடியும் மயக்கம் போட்டால் தேவலை என்றிருந்தது. மாமனார் என்னைப் பார்த்தார். "மாப்ள, அளவு தப்புன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றார். அத்தோடு முடிந்திருக்கும். காடா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா?

"பிரிச்சாலும் அது உருண்டதாங்க. கொளுத்தாமலே தெரியுது."

"யோவ்! சுத்தமான காட்டன்னு கடக்காரரு சொல்லி எடுத்தது. எங்க, இப்பவே கொளுத்து!"

காடா மடியைத் தடவினார். வேட்டியோடு மடியும் என் மேல் இருந்தது, தீப்பெட்டி ஊறிப் போயிருந்தது.

"அப்ப வரவேற்பு அன்னைக்கி மேடைக்கு வா. உருண்டையா வந்தா அங்கயே மீசைய எடுத்துடறேன்" என்றார் மாமனார்.

கோட்டைப் பிரித்து நான்கு விரல் விட்டுத் தைத்தார்கள். வந்ததும் வராததுமாக, உள்பக்கத்தில் ஒரு நூலை உருவி நானே கொளுத்திப் பார்த்தேன். அசல் உருண்டை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வரவேற்பு அன்று பெண்ணாடம் மண்டபத்தில் எங்களைப் பார்க்க வந்தவர்களைவிட மீசையைப் பார்க்க வந்தவர்கள் அதிகம். காடா புதுத் தீப்பெட்டியோடு மேடை ஏறினார். மாமனார் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். என் பக்கத்தில் மணப்பெண் கண் கலங்கி, தலையைக் குனிந்துகொண்டாள்.

காடா அவளைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக் குனிந்தார். முதுகால் மறைத்துக்கொண்டு ஒரு நூலை உருவினார். திரும்பி எல்லோருக்கும் தெரியக் கொளுத்தினார். பொசுக்கென்று எரிந்தது.

"சாம்பல்! சுத்தமான பருத்திங்க!"

மண்டபம் கைதட்டியது. மாமனார் மீசையை முறுக்கினார். எனக்கு மட்டும்தான் தெரியும், என் கோட்டு கரு நீலம், எரிந்த நூல் பழுப்பு வெள்ளை. அவர் சட்டைக் கை ஓரம் லேசாகப் பிரிந்திருந்தது.

"அண்ணே…" என்றேன்.

"பேசாத. சிரி. போட்டோ எடுக்கறாங்க" என்றார்.

பஸ்ஸில் தூங்குகிறவனிடம்கூடப் பொய் சொல்லாத மனிதர், எனக்காகத் தன் சட்டையையே கொளுத்திவிட்டுப் போய், ஒன்றும் நடக்காத மாதிரி பந்தியில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆல்பத்தில் நான் அழுதுகொண்டிருப்பது புகையால் என்றுதான் வீட்டில் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.