டேரிலின் கைராசி

ராசிபலன் பார்க்கிறவர்களைக் கண்டால் முனைவர் பிரான்வினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். சிரித்து முடித்துவிட்டு, சாக்லேட் பிஸ்கட் பொட்டலத்தோடு மெல்பர்ன் ஆய்வுக்கூடத்தின் எடைக்கருவி அறை வாசலில் வரிசையில் நிற்பாள். முன்னும் பின்னும் நின்றவர்களும் முனைவர்களே. படித்த படிப்பு வீண்போகவில்லை. வரிசையாவது ஒழுங்காக இருந்தது.

உள்ளே டேரில். பாலிமர் சொட்டுவைத்த எஃகுத் தட்டை உள்ளங்கையில் ஏந்துவான். கண்ணை மூடுவான். கட்டைவிரலால் ஒரு தடவு. பிறகு கருவி தட்டின்மேல் லேசர் பாய்ச்சி மூலக்கூறுகளை எடைபோடும். அவன் தொட்டால் அந்த எடைகள் திரையில் முகடுகளாக எழும். தொடாவிட்டால் வெறும் இரைச்சல். கைராசிக்காரன் என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. காணிக்கை பிஸ்கட், கூடவே ஆய்வுக் கட்டுரையில் அவன் பெயர்.

பாலிமர் என்பது கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலி. அதன் எடையில் கண்ணிகளின் எடையைக் கழித்தால் மிஞ்சுவது நுனிகளின் எடை. அங்கே எல்லோரும் ஒரே கண்ணியைத்தான் கோத்தார்கள். நுனிதான் ஆளுக்கு ஆள் வேறு. பிரான்வினின் சங்கிலி கண்ணுக்குள் ஊசிபோடும் மருந்துக்குப் போக வேண்டியது. நுனியிலிருந்த நச்சு வாலை வெட்டிவிட்டதாக அவள் நம்பினாள். டேரில் தடவினான், வாலைக் காணோம். அடுத்த வாரம் நோயாளிகளின் கண்ணில் ஊசி.

பக்கத்து மேசை லூப்பே, டோங்காத் தீவுக்காரி, மெதுவாகச் சொன்னாள்: "நான் இன்னும் வாலை வெட்டவே இல்ல. எனக்கும் வால் இல்லன்னுதான் வந்திருக்கு."

டேரில் காதில் விழுந்தால் ராசி போய்விடும் என்று பிரான்வின் அவள் வாயைப் பொத்தப் போனாள். முனைவர் பட்டம் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

லூப்பே பாலிமரே கலக்காத வெறும் கரைசலைச் சொட்டுவைத்து நீட்டினாள். டேரில் தடவினான். முகடுகள் அணிவகுத்தன, வால் இல்லாமல்.

"இதுல ஒண்ணுமே இல்ல டேரில். உன் பாக்கெட்ல இருக்கிறதை எடு."

வெளியே வந்தது கையில் பூசும் கிரீம். அதற்குள்ளும் அதே கண்ணிதான், வால் மட்டும் இல்லை; அதன் முகடுகளைத்தான் எல்லோரும் தங்களுடையது என்று வாங்கிப் போயிருந்தார்கள். தடவாத தட்டுகளுக்கு லேசரைக் குறைத்து வைத்ததையும் ஒப்புக்கொண்டான். "எல்லாரும் சந்தோஷமாத்தானே போனீங்க?" என்றான்.

தட்டைக் கழுவி, லேசரைக் கூட்டி, பிரான்வினின் மாதிரியை அளந்தார்கள். நச்சு வால் முழுசாக இருந்தது. பிரான்வின் உடனே மருத்துவமனையை அழைத்து ஊசியை நிறுத்தச் சொன்னாள்.

மறுநாள் வாசலில் அதே வரிசை. கைராசி இப்போது லூப்பேவுக்காம். பிரான்வின் முதல் ஆளின் பிஸ்கட்டைப் பிடுங்கிக் கடித்தாள்.

"முதல்ல வெறும் தட்டை அளந்து பாருங்க. அதுக்கும் முன்னால நம்ம மண்டைய. என்னோடதுலேருந்து ஆரம்பிக்கலாம்."