வாங்கோ அண்ணையும் றோசியும் ஏரிக்குப் போன கதை

டென்மார்க் முழுவதிலும் நாயை 'நீங்கள்' என்று அழைத்த ஒரே மனிதர் வாங்கோ அண்ணைதான். புரொண்பியில் நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தில் எங்களுக்குக் கீழ்வீடு. தனி ஆள். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். காலையில் வாசலில் நின்று, "றோசி, வாங்கோ. படி வழுக்கும், பார்த்து இறங்குங்கோ" என்பார். அதே வாயால் என்னைப் பார்த்து, "என்னடாப்பா, வேலைக்கோ?" என்பார். இந்த நாட்டில் பிரதமரையே 'நீ' என்றுதான் கூப்பிடுகிறார்கள், மிச்சமிருக்கிற மரியாதையை யாருக்காவது கொடுக்க வேண்டாமா என்பது அவர் கட்சி.

றோசிக்கு வயது போய் இடுப்புப் பிடித்துவிட்டது. அலையில்லாத தண்ணீரில் நீந்தவிட்டால் கால் கொஞ்சம் தேறும், இல்லாவிட்டால் நடையே நின்றுவிடும் என்றார் மிருக வைத்தியர். அன்று முதல் அண்ணைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"சில்கபோர்ப் பக்கம் நல்ல ஏரியள் இருக்காம். உன்ர கார் சும்மாதானே நிக்குது?" என்றார்.

அப்படித்தான் எங்கள் கோடை விடுமுறை அவர் கைக்குப் போனது. நான், மனைவி, மகள், அண்ணை, றோசி. ஏரிக்கரையில் வாடகை வீடு பிடிக்கிற பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். வினை அங்கேதான் தொடங்கியது.

டேனிஷ் மொழியில் நாயும் 'ஹுன்', அவள் என்பதும் 'ஹுன்'. எழுத்தில் வித்தியாசம் உண்டு. பேச்சில், நாய்க்கு மட்டும் தொண்டைக்குள் ஒரு சின்ன வெட்டு விழ வேண்டும். எத்தனை வருடம் இங்கே குப்பை கொட்டினாலும் அந்த வெட்டு எங்கள் தொண்டையில் விழாது. ஆகவே தொலைபேசியில் வீட்டுச் சொந்தக்காரியின் காதில் விழுந்தது இதுதான்: "என்னுடைய அவளும் வரலாமா? கட்டில் வேண்டாம், நிலத்தில் படுப்பாள். மிஞ்சின சோறு போதும். வெளியே போனால் கட்டித்தான் கூட்டிப்போவேன். இதுவரை யாரையும் கடித்ததில்லை."

அந்த அம்மா, கட்டாயம் அவளைக் கூட்டி வா என்றாராம்.

"என்ன தங்கமான மனுசி!" என்று அண்ணை எங்களிடம் பெருமையடித்தார்.

போய்ச் சேர்ந்தபோது வாசலில் சொந்தக்காரியும் அவருடைய அக்காவும் காத்து நின்றார்கள். என் மனைவி காரைவிட்டு இறங்கியதுதான் தாமதம், ஓடிவந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "இங்கே நீ கட்டிலில் படுக்கலாம்" என்றார் அக்கா, கண் கலங்கி.

"என்னப்பா, இந்த மனுசியள் என்ர கையை விடமாட்டம் எண்டு நிக்கினம்?" என்று மனைவி என்னைப் பார்த்தாள்.

சொந்தக்காரி என்னையும் அண்ணையையும் எரித்துவிடுவது போல முறைத்தார். "அவளைக் கட்டிப் போடுகிறவன் யார்?"

அண்ணை நெஞ்சை நிமிர்த்தி முன்னே வந்தார். "நான்தான்!"

பிறகு காரின் பின்கதவைத் திறந்து, "றோசி, இறங்குங்கோ" என்றார்.

இங்கே பிறந்த தொண்டையுள்ள என் மகள்தான் விஷயத்தை விளக்கினாள். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "பின்லிட், அப்பா" என்றாள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல வெட்கமாக இருந்தால் எங்கள் பிள்ளைகள் சொல்லும் டேனிஷ் சொல் அது. எனக்கும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மனைவியோ மணிக்கட்டைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

சொந்தக்காரி சிரித்து முடிய நேரமெடுத்தது. முடிந்ததும், புதுத்தரை போட்டிருக்கிறது, வீட்டுக்குள் நாய் விடுவதில்லை என்று சொல்லிவிட்டார்.

அண்ணை வாதாடவில்லை. "நீங்கள் உள்ள போங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் காருக்குள்ள படுக்கிறம்" என்று போர்வையை எடுத்தார். பிறகு றோசியிடம் குனிந்து, "குறை நினையாதேங்கோ. வடிவாக் கேக்காமல் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்திட்டன்" என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்று அக்கா என் மகளிடம் கேட்டார். மகள் திணறினாள். டேனிஷில் ஒரு பழைய மரியாதைச் சொல் உண்டு; இப்போது அரண்மனைக்கு வெளியே அதைக் கேட்பது அபூர்வம். அதைப் போட்டு மொழிபெயர்த்தாள்.

"என் புருஷன் கல்யாணத்தன்றுகூட என்னிடம் இப்படிப் பேசவில்லை" என்றார் அக்கா. தங்கையைக் கேட்காமலே உள்ளே போய் ஒரு பழைய கம்பளத்தைக் கொண்டுவந்து புதுத்தரையில் விரித்தார்.

மறுநாள் காலை ஏரிக்குப் போனோம். றோசி தண்ணீரில் கால் வைக்க மறுத்துவிட்டது. அண்ணை இஸ்திரி போட்ட காற்சட்டையோடு தானே இறங்கினார். தூறல் விழுந்ததால் கையில் குடை வேறு. "வாங்கோ, கொஞ்சமும் குளிரேல்லை" என்றார், பல் கிடுகிடுக்க.

றோசி நம்பி இறங்கியது. முதலில் தடுமாறி, பிறகு நாலு காலையும் அடித்து நீந்தத் தொடங்கியது.

"அப்பிடித்தான்! கெட்டிக்காரியல்லோ நீங்கள்! இன்னும் கொஞ்சம்!" அண்ணையின் குரல் அக்கரைக்குக் கேட்டது. தோணியில் போன வெள்ளைக்காரர்கள் துடுப்பை நிறுத்திவிட்டுப் படம் எடுத்தார்கள். கரையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மகள் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "இவரை எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாமா, அப்பா?" என்று டேனிஷில் கேட்டாள்.

றோசி உள்ளே உள்ளே போனது. அண்ணையும் குடையை அதன் தலைக்கு மேலே பிடித்தபடி கூடவே போனார். தண்ணீர் அவர் நெஞ்சுவரை வந்துவிட்டது.

எனக்கும் மானம் போனது போலத்தான் இருந்தது. ஆனால் அந்த மனுசனுக்கு நீந்தத் தெரியாது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நானும் இறங்கிப் போய், அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.