ஏழு மீன்களும் கல்லுக்குக் கீழே இருந்தவரும்

அன்பான மருமகன் ஜெனுஷனுக்கு,

நானும் உன் மாமி றோசும் கர்த்தர் கிருபையால் சுகம். கப்பலில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். எங்களிடம் விட்டுப்போன உன் கடல்மீன் தொட்டியைப் பற்றித்தான் அப்படி எழுத முடியவில்லை.

"மாமா, காய்ஞ்ச தீன் வேண்டாம், கரையிலை பிடிச்ச உயிர் இரைதான். மிச்சமெல்லாம் எழுதி வைச்சிருக்கிறன்" என்றாய். எழுதிய தாள் எங்கள் கண்ணில் படவில்லை. ஆகவே தினமும் காலை ஆறரைக்குத் தொண்டைமானாற்றுக் கரையில் சாரத்தை மடித்துக் கட்டி, நுளம்பு வலைத் துண்டால் பொடிக் கூனி றால் வாரினேன். வள்ளத்தில் இருந்த யாகப்பு, "என்ன மாஸ்டர், பென்சன் காணாதோ?" என்றான். "மீனுக்குச் சாப்பாடு" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் வள்ளம் ஆடியது.

முதல் ஞாயிறு ஏழு மீன் இருந்தது. செவ்வாய் ஆறு. வியாழன் ஐந்து. கூனியோடு ஏதோ ஒரு கொலைகாரனை நானே வாளியில் கொண்டுவந்துவிட்டேன் என்று விளங்கியதும் சோறு இறங்கவில்லை, தொட்டிக்குள் 'டொக்' என்று கேட்கும், ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்றுமிராது, மாமி "அது உங்கடை நெஞ்சு இடிக்கிற சத்தமப்பா" என்பாள், திரும்பவும் 'டொக்', அவளும் கட்டிலில் ஏறி நிற்பாள். கடைசியில் கல்லுக்குக் கீழே கண்டேன். றாலுமல்ல, நண்டுமல்ல. ஒரு சாண் நீளம். ஜெபிப்பதுபோல் கைகளை மடித்துக்கொண்டு, ஒரு கண்ணால் மீனையும் மறு கண்ணால் என்னையும் பார்த்தது. யாகப்புவிடம் சொன்னேன். "கையை விடாதேங்கோ மாஸ்டர், விரலைப் பிளந்துபோடும்" என்றான். இந்தமுறை அவன் சிரிக்கவில்லை.

நேற்று ஒரேயொரு மீன்தான் மிச்சம். நான் கதவுக்கு வெளியே நின்றேன். மாமி சேலையைச் செருகிக்கொண்டு, அடுப்படி இடுக்கியால் அதைத் தூக்கிவிட்டாள். "றால் மாதிரித்தானே கிடக்கு. கூழுக்குள்ளை போடட்டே?" என்றாள். ஒடியல் கூழ் காய்ச்சி, ஸ்தோத்திரம் சொல்லிக் குடித்தோம். நல்ல ருசி. உன் கடைசி மீன் இப்போது பயமில்லாமல் நீந்துகிறது. மற்ற ஆறுக்கும் என்னை மன்னித்துவிடு.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கரைசேர்ப்பாராக.

இப்படிக்கு,
மாமா செபநாயகம்

பி.கு.: முத்திரை தேடியபோது உன் தாள் கிடைத்தது. எங்கள் வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாய். தினமும் திறப்போம் என்று நினைத்தாயாக்கும். "கல்லுக்குக் கீழை இருக்கிறவர்தான் என்ரை ராசா. இரண்டு வருசமா வளர்க்கிறன், கவனம். ஏழு மீனும் அவருக்குத் தீன். முடிஞ்ச பிறகு கரையிலை சின்ன நண்டு பிடிச்சுப் போடுங்கோ" என்று எழுதியிருக்கிறாய். நீ அவசரப்பட்டு வரவேண்டாம். மிஞ்சிய மீனுக்கு ராசா என்று பெயர் வைத்திருக்கிறோம்.