எழவு வீட்டில் கொடுத்த வாக்குறுதி

தேர்தலில் தோற்ற வேட்பாளருக்குக் காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. கூட்டணி சரியில்லை, அலை எதிர்ப்பக்கம் அடித்தது, கட்சிக்குள்ளேயே உள்ளடி வேலை என்று தொலைக்காட்சியில் நாள் முழுக்கப் பேசுவார்கள். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. மாமா நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றதற்கு ஒரே காரணம் நான்தான் என்று ஏகமனதாகத் தீர்ப்பாகிவிட்டது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சுவரில் சின்னம் வரைந்த காலத்திலிருந்து கட்சிக்கு உழைத்தவர். தலை நரைத்த பிறகுதான் சீட்டு கிடைத்தது. இதில் தோற்றால் இன்னொரு முறை கிடைப்பது சந்தேகம். நான் அப்போதுதான் எம்.பி.ஏ. முடித்திருந்தேன். (வேலை கிடைக்கவில்லை என்பதை, 'மாமாவை ஜெயிக்க வைக்கப் போகிறேன்' என்று கௌரவமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.)

எங்கள் தொகுதியில் அன்னூர்ப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே புகார். போன முறை ஜெயித்தவர் அதன்பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உடனே என் மூளை வேலை செய்தது. 'மறுபடியும் வருவேன்' என்பதே நம் முழக்கம் என்று அறிவித்தேன். சுவரொட்டி, ஒலிபெருக்கி எல்லாவற்றிலும் அதுதான். ஒவ்வொரு வாசலிலும் கிளம்பும்போது மாமா அதைச் சொல்லியே ஆக வேண்டும். மறந்தால் பின்னாலிருந்து நான் சொல்லிவிடுவேன். ஒரு வீடும் விடுபடக் கூடாது என்பதில் எனக்கு அப்படி ஒரு வெறி.

அந்த வெறியோடுதான் ஓர் ஊரில் பந்தல் போட்ட வீட்டுக்குப் போனோம். ஊரே மதித்த பெரியவர் ஒருவர் இறந்திருந்தார். மாமா கட்சித் துண்டைக் காரிலேயே கழற்றி வைத்துவிட்டு, போய் உட்கார்ந்தார். பெரியவருடைய மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். ஓட்டைப் பற்றி மூச்சே விடவில்லை. சற்று நேரம் கழித்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து நடந்தார். எழவு வீட்டில் 'போய் வருகிறேன்' என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மாமா முழக்கத்தை மறந்துவிட்டார் என்பது மட்டும்தான் அப்போது என் மண்டையில் உறைத்தது. வாசலில் நின்று கும்பிட்டு, கணீரென்று சொன்னேன்:

"ஏனுங்க, மாமா இந்த ஊட்டுக்குக் கண்டிப்பா மறுபடியும் வருவாருங்க!"

ஒப்பாரி நின்றுவிட்டது. மகன் எழுந்து வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். கோபத்திலும் மரியாதை குறையாத ஊர் எங்களுடையது.

"ஏனுங்க அம்மணி, எங்கூட்டுல அடுத்தது யாரு போகோணும்னு நெனைக்கறீங்க?"

மாமா என்னைக் காருக்குள் தள்ளினார்.

சாயங்காலத்துக்குள் செய்தி எங்களை முந்திக்கொண்டு அடுத்த ஊர்களுக்குப் போய்விட்டது. ஒலிபெருக்கியில் "மறுபடியும் வருவேன், கட்டாயம் வருவேன்" என்று மாமாவின் குரல் கேட்டால் போதும், படுக்கையில் கிடந்த பெரியவர்களை உள்ளறைக்கு மாற்றினார்கள். ஓர் அம்மா கேட்டைத் திறக்காமலே கும்பிட்டார்.

"வேண்டாமுங்க சாமி, நீங்க வர வேண்டாமுங்க. நாங்களே ஓட்டுப் போட்டுடறமுங்க."

போடவில்லை.

முடிவு வந்த அன்று தேம்பித் தேம்பி அழுதேன். அவருடைய வாழ்நாள் உழைப்பை ஒரே வாக்கியத்தில் கெடுத்துவிட்டேனே என்று தாங்க முடியவில்லை.

"அழுவாத கண்ணு. ஏறு, ஒரு எடத்துக்குப் போகோணும்" என்றார் மாமா.

நேராக அந்த எழவு வீட்டுக்குத்தான் போனார். "தோத்துப்போட்டேனுங்க. ஆனா மறுபடியும் வருவேன்னு எங்க புள்ள சொல்லிப்போட்டா. அதுதான் வந்தேன்" என்றார். மகன் ஒரு நிமிடம் விறைப்பாகப் பார்த்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்து, காபி போடச் சொன்னார்.

அதிலிருந்து எந்த எழவுக்குப் போனாலும், மாமாவின் மனைவியான என் அத்தை, என் வாயில் ஒரு கொட்டைப்பாக்கைப் போட்டுத்தான் உள்ளே அழைத்துப் போகிறார். கார் கிளம்பிய பிறகுதான் துப்ப அனுமதி.

சமீபத்தில் மாமா விடாப்பிடியாக அடுத்த தேர்தலுக்கும் சீட்டு கேட்டுவிட்டு வந்தார்.

"பிரச்சாரத்துக்கு நானும் வரட்டுங்களா மாமா?" என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னார்:

"ஏனுங்க, பாக்கு ஒரு மூட்டை வாங்கிப் போட்டுருங்க."