அக்காவுக்கு ஒரு போன்

“இன்னையிலேருந்து இந்த வீட்டுல ‘அப்புறம்’ங்கிற பேச்சே கிடையாது!”

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் இப்படி முழங்கியபோது சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. மனைவி அதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“என்னவோ சொன்னீங்களே?”

“அப்புறம் சொல்றேன்.”

தெருவில் அவருக்கு ‘அப்புறம் மாஸ்டர்’ என்று பெயர் வந்தது சும்மா இல்லை. ஆனால் மனுஷனையும் குற்றம் சொல்ல முடியாது. தலைக்கு மேல் வேலை. காலையில் கிளச்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். மாலையில் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். இரண்டுக்கும் நடுவில் குடும்பஸ்தர். எல்லாப் பொறுப்பும் ஒரே நேரத்தில் கையை நீட்டினால் எந்தக் கையைத்தான் பிடிப்பது? மாஸ்டர் எதையும் பிடிக்காமல் சோபாவில் சாய்ந்துவிடுவார். அதனால் குளியலறைக் குழாய் சொட்டியது. வாசல் கதவுத் தாழ்ப்பாள் ஆடியது. மகளின் சைக்கிள் செயின் கழன்று சுவரோரம் நின்றது. பரணில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

இதை எல்லாம் தூக்கிச் சாப்பிடும் வேலை ஒன்று பாக்கி இருந்தது. அக்காவுக்குப் போன் செய்ய வேண்டும்.

ஒரே அக்கா. அம்மா வேலைக்குப் போய்விடும் வீட்டில் அவரைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள். அவளுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. மனைவி போய்க் கூடவே இருந்துவிட்டு வந்தாள். மாஸ்டர் இன்று போகிறேன், நாளை போகிறேன் என்று இருந்ததில், அக்கா கட்டைப் பிரித்து உலகத்தையே பளிச்சென்று பார்த்துவிட்டாள், தம்பியைத் தவிர. அதன் பிறகு போன் செய்ய வெட்கம். வெட்கம் நாளாக நாளாகப் பயமாகிவிட்டது. அக்கா தன்னை வெறுத்துவிட்டாளோ என்று நினைத்தாலே அவருக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு. ‘அப்புறம்’ கிடையாதுன்னா ரொம்ப நல்லது. ஒண்ணு பண்ணுங்க. வேற எந்த வேலையையும் தொடாதீங்க. அக்காவுக்கு ஒரு போன் போடுங்க. எனக்கு அது போதும்.”

“இப்பவேவா?”

“இப்பவே. அவங்க பயங்கர கோவத்துல இருக்காங்க. ‘எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இருக்கானா’ன்னு கேட்டாங்க.”

மாஸ்டர் போனை எடுத்தார். அக்காவின் எண்ணைப் பார்த்தார். எண்ணும் அவரைப் பார்த்தது. அந்த நேரம் பார்த்துக் குளியலறையில் ‘சொட்’ என்று சத்தம்.

“இந்தச் சத்தத்துல எப்படிம்மா பேசுறது?”

“ஐயோ, குழாய்ப் பக்கமே போகாதீங்க! முதல்ல போன்!”

அந்தப் ‘போகாதீங்க’தான் அவரைக் கிளப்பிவிட்டது. அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பியதும் மாஸ்டர் நழுவினார். வாஷரைக் கழற்றினார், புதியதை மாட்டினார், முறுக்கினார். மாதக்கணக்காக அழுதுகொண்டிருந்த குழாய் கப்சிப். மாஸ்டருக்குப் புல்லரித்துவிட்டது. பெண்டாட்டி பேச்சை மீறி ஒரு காரியம் செய்வதில் இத்தனை சுகமா!

“யார் உங்களை இதைச் செய்யச் சொன்னா?” மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். “சரி, போகட்டும். இப்பவாவது போனை எடுங்க. தாழ்ப்பாள் அது இதுன்னு கிளம்பிடாதீங்க.”

தாழ்ப்பாள்! அது அவருக்கு மறந்தே போயிருந்தது.

தாழ்ப்பாளை ஒரு கை பார்த்தார். கதவு கம்பீரமாக மூடிக்கொண்டது. அடுத்து பரண். மனைவி கீழே நின்று கெஞ்சினாள்.

“இறங்குங்க! அக்கா காத்துக்கிட்டு இருப்பாங்க!”

“இருக்கட்டும்! இங்க மூணு உடைஞ்ச குடை இருக்கு, முதல்ல அதைத் தூக்கிப் போடணும்!”

“எல்லாத்தையும் இன்னைக்கே செய்யணுமா?”

“செய்வேன்! என்னை யார் கேக்கிறது?”

மகள் சைக்கிளைக் காட்டி, “அப்பா, இதைத் தொட்டா அம்மா திட்டப் போறாங்க” என்று எச்சரித்தாள். “திட்டட்டும்! செயினை மாட்டாம இன்னைக்கு விடமாட்டேன்!” கிரீஸ் மூக்கு வரை ஏறியது. சைக்கிள் ஓடியது. ஓட்டுநர் தேர்வுக்குக் காத்திருந்த மாணவர்களின் விண்ணப்பங்கள் அத்தனையும் பூர்த்தியாகிக் கிளம்பின. சங்கத்து மோட்டார் சுவிட்சை மாற்றப் படியிறங்கி ஓடினார். மாடி வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தி, “என் வீட்டுல வேண்டாம்னுதான் சொல்றாங்க. நான் கேக்கிற ஆளா?” என்றார்.

சாயங்காலம் ஒரு விபரீதம் நடந்தது. வேலை தீர்ந்துவிட்டது.

மாஸ்டர் அறை அறையாகத் தேடினார். அலமாரி அடுக்கியிருந்தது. சுவரில் ஓர் ஆணிகூடக் கோணலாக இல்லை. மிக்ஸி மூடியை ஆட்டிப் பார்த்தார். அதுவும் காலை வாரிவிட்டது.

“வேற ஏதாவது வேலை இருக்கா?” குரல் பரிதாபமாக வந்தது.

“ஒண்ணும் இல்லைங்க. போன்தான்.”

வேறு வழியில்லை. போட்டுவிட்டார்.

“அக்கா... என்னை மன்னிச்சிடுக்கா. நான் வந்திருக்கணும். இப்பப் போகலாம், நாளைக்குப் போகலாம்னு...”

மறுமுனையில் சிரிப்பு.

“ஏன்டா, உன்மேல எனக்கு என்னடா கோவம்? உன்னை எனக்குத் தெரியாதா? கண்ணு ஜோரா தெரியுது. நீ சாப்பிட்டியா?”

மாஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. இந்த ஒரு வார்த்தைக்காகவா இத்தனை நாள் ஓடி ஒளிந்தோம் என்றிருந்தது.

“அது கிடக்கட்டும். தாழ்ப்பாள் ஆச்சா?”

“ஆச்சுக்கா.”

“பரண்?”

“ஆச்சு.”

“சைக்கிள்?”

“ஆச்சு... இதெல்லாம் உனக்கு எப்படிக்கா தெரியும்?”

“உன் பொண்டாட்டிக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தானேடா! சின்ன வயசுல உன்னைத் துணியை மடிடான்னா அசைய மாட்டே. கணக்குப் போடுன்னு சொன்னாப் போதும். துணியை மடிச்சு, பாத்திரம் கழுவி, எல்லார் செருப்பையும் துடைச்சு வரிசையா வைப்பே. வீடு குப்பையாக் கிடந்தா அம்மா என்னைத்தான் கேப்பாங்க, ‘ஏன்டி, இன்னைக்கு இவனுக்குக் கணக்குக் கொடுக்கலையா’ன்னு.”

போனை வைத்தபோது மாஸ்டர் முகத்தில் அசடு வழிந்தது. கதவோரம் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

“போதும்!” என்று எழுந்தார். “இனிமே இந்தப் பாச்சா என்கிட்ட பலிக்காது. எது கஷ்டமோ அதுதான் இனி எனக்கு முதல் வேலை. இந்த நிமிஷமே அக்காவைப் பார்க்கக் கிளம்புறேன். யாரும் என்னைத் தடுக்க முடியாது!”

“யாருங்க தடுக்கிறது? இந்தாங்க, அக்காவுக்குக் கொஞ்சம் பழம்.”

பை கையை இழுத்தது.

“பழம் இவ்வளவு கனமா?”

“நல்ல பழம்ங்க.”

டிரைவிங் ஸ்கூல் கார் அப்படி ஒரு வேகத்தை அதுவரை கண்டதில்லை. மாஸ்டருக்குப் பாடவேண்டும்போல் இருந்தது. பாடியே விட்டார். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஐயோ, உனக்கு இவ்வளவு நரைச்சிடுச்சாடா? பழைய கண்ணுல தெரியவே இல்லையே!”

இருவரும் சிரித்தார்கள். அழவும் செய்தார்கள். பிறகு அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

“உள்ள வா. ஆனா நான்தான் மன்னிச்சேன், உங்க அத்தான் மன்னிக்கலை. ஆஸ்பத்திரிக்கு நீ எட்டிப் பார்க்கலைன்னு முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். நேராப் போய் அவர்கிட்ட பேசு. மாடித் தண்ணித்தொட்டி ஒழுகுது. அந்தப் பக்கம் நீ திரும்பியே பார்க்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

உள்ளே அத்தான் தொண்டையைச் செருமினார். அது மாஸ்டரின் முதுகுத்தண்டு வரை கேட்டது. அவர் மாடியை அண்ணாந்து பார்த்தார். அத்தான் கோபம் எங்கே ஓடிவிடப் போகிறது? ஒழுகுகிற தொட்டியை எப்படி அப்படியே விடுவது? சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“ஸ்பேனர் எங்கக்கா இருக்கு?”

“உன் பையிலதான்டா. பழத்துக்கு அடியில.”